றூபியைப் பற்றிச் சொல்ல வேண்டியவை

கிளிக்கு எதைக் கொடுத்தாலும் அவகாடோ மட்டும் கொடுக்கக் கூடாது. நமக்குச் சத்தான பழம்தான், ஆனால் அதற்கு நஞ்சு. சொக்லேட்டும் கூடாது. பப்பாசி, கொய்யா, அவித்த சோளம் கொடுக்கலாம். பச்சை மிளகாயும் கொடுக்கலாம், அந்த உறைப்பு பறவைக்குத் தெரியாது. சூரியகாந்தி விதையை மிகவும் விரும்பித் தின்னும், ஆனால் அதையே தின்ன விட்டால் கொழுப்பு ஏறிவிடும். அதைப் பரிசாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மகள். மற்றதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்னால் வாசலில் இருந்த சார்ஜன்ட், "கிரவெக் கெனத, நோனா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு கிளியைப் பற்றியா என்று. ஓம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, தமிழ் தெரிந்த பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று உங்களைக் காட்டினார். அவர் சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. கிளிக்காக ஒருத்தி பொலிஸுக்கு வருவது எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கிளியின் மேல் ஒரு பழி விழுந்திருக்கிறது. அது பொய்ப் பழி என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

என் பெயர் மாக்ரெட். கொட்டாஞ்சேனையில், இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், தொடர்மாடி வீடொன்றில் என் அக்கா ஐறீனோடு இருந்தேன். அக்கா போன மாதம் குளியலறையில் விழுந்து இறந்துபோனார். உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். மரண விசாரணை அதிகாரியும் வந்தார். விழுந்த பிறகு அக்கா நெடுநேரம் உயிரோடு இருந்து கூப்பிட்டிருக்கிறார். வீட்டிலிருந்த தங்கை அதைக் கிளியின் சத்தம் என்று நினைத்துப் போகாமல் இருந்துவிட்டாள். அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கிளிதான் றூபி. உடம்பு சாம்பல், வால் மட்டும் சிவப்பு. அதனால்தான் அந்தப் பெயர்.

அக்காவின் மகன் டிலான் மெல்பனுக்குக் குடிபோகும்போது, தாய்க்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்துவிட்டுப் போன பறவை அது. ஆனால் இந்தச் சாதிக் கிளி ஒரு வீட்டில் ஒருவரைத்தான் தனக்கென்று தேர்ந்தெடுக்கும். யாருக்காக வாங்கியது, யாருடைய வீடு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. யார் மெதுவாக நடக்கிறார், யார் முறைத்துப் பார்க்காமல் இருக்கிறார், யார் கையைக் கீழிருந்து நீட்டுகிறார் என்பதைத்தான் அது பார்க்கும். அக்கா கையை மேலிருந்து கொண்டுபோவார். பறவைக்கு மேலிருந்து வருவது பருந்து. நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அக்கா யார் சொல்லியும் எதையும் மாற்றிக்கொள்கிறவர் இல்லை. கடி வாங்கினார்.

"என்ட மகன் எனக்கு வாங்கித் தந்த குருவி," என்று விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே சொன்னார். "அதையும் நீ எடுத்துப்போட்டாய்."

அதற்கு முன்னால் நான் எதை எடுத்தேன் என்று கேட்கவில்லை. அக்காவிடமிருந்து நான் எதையும் எடுத்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அக்கா என்னைக் காட்டி, "இவ என்னோட இருக்கிறவ" என்பார். தங்கச்சி என்று சொல்ல மாட்டார். நான் சமையலுக்கு இருப்பவள் என்று நினைத்து என்னிடம் தண்ணீர் கேட்டவர்கள் உண்டு. கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். அக்காவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தபோது அந்த வேலையை விட்டேன். விடச் சொன்னவர் அக்கா. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அக்கா கட்டிலிலேயே இருந்தார். நடப்பதற்குக் கொடுத்த கைப்பிடிச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு குளியலறை வரைக்கும் போய் வருவார். மற்ற எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிடுவார். மாக்ரெட், டீவியைப் போடு. மாக்ரெட், சத்தத்தைக் குறை. மாக்ரெட், ஜன்னலைச் சாத்து. மாக்ரெட், ஏன் ஜன்னலைச் சாத்தினாய்? அவருடைய குரல் கட்டிடத்தின் படிக்கட்டு முழுக்கக் கேட்கும்.

ஒருநாள் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போனேன். அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பல்கனியிலிருந்து மறுபடியும் "மாக்ரெட்" என்று கேட்டது. றூபி கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்மணி சுருங்கி விரிய என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்மணி அப்படி வேகமாகச் சுருங்கி விரிந்தால் பறவை உற்சாகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நான் சிரித்துவிட்டேன். ஒரு துண்டு கொய்யா கொடுத்தேன்.

கிளி எப்படிச் சொற்களைத் தேர்ந்தெடுக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. நாம் திரும்பத் திரும்பச் சொல்வதை அது படிக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்தச் சத்தத்துக்கு ஆள் ஓடி வருகிறதோ அந்தச் சத்தத்தைத்தான் அது வைத்துக்கொள்ளும். ஆள் வராத சத்தத்தை விட்டுவிடும். அந்த வீட்டில் எந்தச் சத்தத்துக்கு ஆள் ஓடி வருகிறது என்பதை றூபி பார்த்துப் படித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

சிறகு வெட்டிய விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, பல்கனித் தரையில் இறகுகள் கிடந்தன. அக்காவுக்குக் கால் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணைத் துவாயால் றூபியைப் பிடிக்கச் சொல்லி, தலைமயிர் வெட்டுகிற கத்தரிக்கோலால் அக்காவே வெட்டியிருக்கிறார். வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குள் இரத்தம் ஓடும். அதை வெட்டினால் நிற்காமல் வடியும். கூண்டின் அடியில் விரித்திருந்த பேப்பர் நனைந்திருந்தது. நான் சோளமாவை அள்ளி வெட்டிய இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். றூபி என்னைக் கடிக்கவில்லை. அதற்கு நடுங்க மட்டும்தான் முடிந்தது.

"பறந்து வந்து தலையில ஏறுது. அதுதான் கொஞ்சம் குறைச்சனான்," என்றார் அக்கா, கட்டிலில் இருந்தபடியே. "பறவைக்கும் மரியாதை தெரியோணும். நாளைக்குக் கோழி வெட்டினாலும் இப்பிடி அழுவியோ?"

"நான் அழேல்ல, அக்கா."

"அழு, அழு. நான் செத்தா அழமாட்டாய். அது எனக்குத் தெரியும்."

"அப்பிடியெல்லாம் கதைக்காதேங்கோ," என்றேன். அக்கா டீவியைப் போடச் சொன்னார். போட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டாலே றூபி கூண்டின் மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொள்ளும். மார்பில் இருந்த பஞ்சு இறகுகளைக் கடித்துப் பிடுங்கத் தொடங்கியது. கிளி தன் இறகைத் தானே பிடுங்குவது நோயல்ல. போக இடமில்லாத பயம் அது.

கொஞ்ச நாளில் அக்கா கட்டிலிலிருந்து சறுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் நன்றாகப் பயந்துபோனார். "ஐயோ மாக்ரெட், விழுந்திட்டன், கெதியா வா" என்று கத்தினார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். எதிர்வீட்டு றிப்னா ஓடி வந்தாள். மேல்மாடியிலிருந்து பஸீர் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஓடி வந்ததை றூபி பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் றூபி அதைச் சொன்னது. ஐயோவில் இருந்த நடுக்கம், கெதியாவில் மூச்சு வாங்குவது, எல்லாம் அப்படியே அக்கா. நான் ஓடிப்போனேன். என் வீட்டுச் சட்டைப் பையில் சூரியகாந்தி விதை இருந்தது. கொடுத்தேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடும். நான் அதற்குப் பழக்கவில்லை. பழக்குவது வேறு, பழகுகிறதைத் தடுக்காமல் இருப்பது வேறு. அந்தச் சத்தம் வந்தால் நான் ஓடிப்போவேன், விதை கொடுப்பேன், தலையைச் சொறிந்துவிடுவேன். வேறு எந்தச் சத்தம் போட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். கிளி வளர்க்கத் தெரிந்த எவரும் இப்படித்தான் செய்வார்கள். இறகு பிடுங்குகிற பறவைக்கு ஒரு வேலை வேண்டும். அதைச் செய்து பாராட்டு வாங்க வேண்டும். றூபியின் மார்பில் மறுபடியும் இறகு முளைத்தது. நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும்.

முதல் தடவை றிப்னா கையில் ஒட்டிய மாவோடு ஓடி வந்தாள். கிளி என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஸீர் நானாவும் சிரித்தார். அடுத்த தடவை சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இறங்கி வரவில்லை. றிப்னா கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். பிறகு கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து, "கிளிதானே ஆன்டி?" என்று கேட்பாள். "ஓம், கிளிதான்" என்பேன். கடைசியில் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டாள். நான் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் இந்தச் சத்தத்துக்கு வராதேங்கோ, கரைச்சல் படாதேங்கோ என்று சொன்னேன்.

அக்கா முட்டாள் இல்லை. ஒரு பின்னேரம் நான் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"வேணுமெண்டுதானே செய்யிறாய்?"

"எதை அக்கா?"

"நான் கூப்பிட்டாலும் இனி இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டினம்."

"நான் வருவன்தானே," என்றேன்.

 அக்கா காலை இழுத்துக்கொண்டார். அன்றைக்கே டிலானுக்கு போன் பண்ணினார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் அவர் பேசுவது கேட்கும் என்றுதான் ஏற்கெனவே சொன்னேனே. இந்தக் கிளி இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது, ஹெந்தளையில் இருக்கிற உன் மனைவி வீட்டாரை வந்து கொண்டுபோகச் சொல் என்றார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடாயிற்று. அக்கா என்னிடம் இதைச் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானத்துக்கு இரண்டு பேருக்குக் கூடுதலாகச் சமைக்கச் சொன்னார்.

அக்கா விழுந்தது சனிக்கிழமை.

எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். மரண விசாரணைக்கு வந்த ஐயா என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே றூபி ஒரு தடவை "ஐயோ மாக்ரெட்" என்றது. அவர் எழுதுவதை நிறுத்தி, பல்கனிப் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. றிப்னா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நானும் கிளி எண்டுதான் நினைச்சன் ஆன்டி, நானும் வரல்லயே" என்றாள். அது உன் பிழையில்லை என்று அவளுக்குச் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

டிலான் அடக்கத்துக்கு வந்து சேர்ந்தான். மாதம்பிட்டி மயானத்தில் எல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்கு வந்து உடுப்பைக்கூட மாற்றாமல் கூண்டைத் தூக்கினான்.

"டிலான், அது ஒண்டும் செய்யேல்ல," என்றேன்.

"இந்தச் சனியனாலதான் அம்மா செத்தவ. கழுத்தைத் திருகாமல் விட்டிருக்கிறன், அதுவே பெரிசு. நீங்க இதில தலையிடாதேங்கோ, சின்னம்மா."

கொண்டுபோய்விட்டான். நான் இரண்டு பஸ் மாறி ஹெந்தளைக்குப் போய்ப் பார்த்தேன். கராஜுக்குள் வைத்திருந்தார்கள், பெயின்ட் டின்களுக்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில். வெளிச்சமே இல்லை. கடுமையான வாசம் எதையாவது பிடித்தாலே செத்துப்போகிற பறவை அது. சட்டி கருகுகிற புகைகூடப் போதும். மார்பு முழுக்க இறகு போய்க் கோழித்தோல் மாதிரி இருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கீழிருந்துதான் கையை நீட்டினேன். அது என் பக்கம் வரவில்லை. ஒரு சத்தமும் போடவில்லை. கூப்பிட்டும் ஆள் வராத இடத்தில் எதற்குச் சத்தம் போட வேண்டும்?

டிலானின் மாமியார் வாசலில் நின்றுகொண்டு, "தம்பி வெளிக்கிட முதல் இதுக்கு ஒரு முடிவு கட்டுறன் எண்டு சொன்னவர்" என்றார். டிலான் இந்தக் கிழமை திரும்பிப் போகிறான். அதனால்தான் இன்றைக்கே வந்தேன். நடந்தது தெரிந்தால் அவன் அதன் மேல் கை வைக்க மாட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளை நான் கொடுக்கிறேன். றிப்னாவிடம் கேட்டுவிட்டேன். றூபியை வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் டிலானுக்கு ஒரு போன் எடுத்துச் சொன்னால் போதும்.

இனி அந்தச் சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அக்கா குளியலறைக்குப் போனார். நான் பல்கனியில் பிரம்பு நாற்காலியில் இருந்தேன். உள்ளே சட்டம் சரிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அக்கா கூப்பிட்டார். ஐயோ மாக்ரெட், விழுந்திட்டன், கெதியா வா.

றூபி என் தோளில் இருந்தது. கூண்டில் இல்லை, தோளில். ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அலகை மெல்ல அரைத்துக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்து பயமில்லாமல் தூக்கம் வரும்போது கிளி அப்படி அரைக்கும். அரைக்கும்போது பேசாது. என் காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் அது போய்விடும் என்று எனக்குத் தெரியும். எழும்பினால் அது விழித்துக்கொள்ளும்.

அக்கா பல தடவை கூப்பிட்டார். பிறகு சொற்கள் மாறின. தலையால இரத்தம் ஓடுது என்றார். காலை அசைக்க ஏலாமல் கிடக்கு என்றார். றிப்னாவைக் கூப்பிட்டார், பஸீர் நானாவைக் கூப்பிட்டார். அந்தப் பெயர்கள் றூபிக்குத் தெரியாது. றிப்னாவுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும். வெகுநாளைக்குப் பிறகு அவள் தன் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"கிளிதானே ஆன்டி?"

"ஓம் பிள்ளை, கிளிதான். நீங்க வேலையைப் பாருங்கோ," என்றேன்.

அதைக் கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டுமே. அக்காவுக்கும் கேட்டிருக்கும். ஏனென்றால் உடனே சத்தம் நின்றது. அவர் அங்கே கிடந்து யோசித்திருக்க வேண்டும். பிறகு மறுபடியும் கூப்பிட்டார், ஆனால் கத்தவில்லை. "மெகி" என்றார். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்த காலத்தில் என்னை அப்படிக் கூப்பிடுவார். அதற்குப் பிறகு கூப்பிட்டதில்லை. "மெகி, நீ அங்கதான் இருக்கிறாய். எனக்குத் தெரியும்," என்றார்.  றூபி அரைப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டது. நன்றாகத் தூங்கிவிட்டது. வெயில் எதிர்ச் சுவருக்கு ஏறும் வரைக்கும் நான் அசையவில்லை. உள்ளே சத்தம் அடங்கி நெடுநேரம் ஆன பிறகுதான் எழும்பிப் போனேன்.

இதில் கிளியின் பிழை என்று ஒன்றும் இல்லை, மகள். அதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும். அது அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கூப்பிட்டது அக்காதான், முதல் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். றூபி கூப்பிட்டிருந்தால் நான் ஓடிப்போயிருப்பேன்.